எஞ்சினின் சீறல் சத்தமும் ஒரு புகைச் சோதனையும்: அம்பத்தூர் ஒர்க்ஷாப் ஒன்றின் சேவை பற்றி

என்னுடைய கார் ஒன்பது ஆண்டுகள் பழையது, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடந்த மார்ச் மாதத்திலிருந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் பானட்டுக்குள்ளிருந்து விடாமல் ஒரு சீறல் கேட்கத் தொடங்கியது. குக்கரில் விசில் வருவதற்குச் சற்று முன்பு வெயிட்டின் ஓரமாக ஆவி கசியுமே, ஏறத்தாழ அந்த ஒலி. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது அடங்கிவிடும். காலை எடுத்ததும் திரும்ப வரும். அதோடு, வழக்கமாக நிமிடத்துக்கு 750 சுற்றில் அமைதியாக நிற்கும் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்), ஆயிரத்துக்கு ஏறுவதும் இறங்குவதுமாக அலைபாயத் தொடங்கியது. மூன்று வாரம் கழித்து மஞ்சள் நிற எஞ்சின் விளக்கும் எரிந்தது.

வழக்கமாக வண்டியை விடும் ஒர்க்ஷாப்பில்தான் முதலில் காட்டினேன். அங்கே பானட்டைத் திறந்து இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பெல்ட் தேய்ந்திருக்கும் என்றார்கள். பெல்ட்டை மாற்றினோம், 1,350 ரூபாய், சத்தம் போகவில்லை. அடுத்து, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், 1,500 ரூபாய். பிறகு நான்கு ஸ்பார்க் பிளக், 2,200 ரூபாய். கடைசியாக ஏர் ஃபில்டர், 450 ரூபாய். ஆக மொத்தம் 5,500 ரூபாய் செலவான பிறகும், ஒர்க்ஷாப் வாசலிலிருந்து வெளியேறி முதல் சிக்னலில் நின்றபோது அதே உஸ்ஸென்ற சத்தம் என்னை வரவேற்றது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாற்றிய பொருள்கள் எல்லாம் புதியவை, பில்லும் ஒழுங்காக இருந்தது. ஆனால் எதையும் அளந்து பார்க்காமல், ஒன்று போனால் இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே போனதற்கு நான் கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உட்தெரு ஒன்றில் இருக்கும் இந்தச் சிறிய ஒர்க்ஷாப்புக்குப் போனேன். இரண்டு கார்களை மட்டுமே உள்ளே நிறுத்த முடியும். நடத்துபவர் அறுபது வயதை நெருங்கியவர். அவரிடம் இரண்டு பையன்கள் வேலை செய்கிறார்கள். டிங்கரிங், பெயின்டிங், வாட்டர் வாஷ் எதுவும் கிடையாது. எஞ்சின், எலெக்ட்ரிக்கல் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது மட்டும்தான் தொழில். கூட்டம் சேர்ந்தால் ஒரு வண்டிக்கும் ஒழுங்காக வேலை செய்ய முடியாது, எழுதுவதென்றால் பெயர் போடாமல் எழுதுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். வேலை நடந்த விதத்தைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்; தங்கள் ஊரில் இப்படி வேலை செய்பவரைத் தேடிப் பிடிக்க அது ஒருவருக்காவது உதவும்.

இங்கே முதலிலேயே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். கோளாறைக் கண்டுபிடிப்பதற்குத் தனிக் கூலி, 1,200 ரூபாய். பழுதைச் சரிசெய்வதற்கான கூலி வேறு. கண்டுபிடித்ததைக் கண்ணால் காட்டுவார்கள். காட்ட முடியாவிட்டால் அந்த 1,200 ரூபாயை வாங்குவதில்லை. ஒரு பொருளையும் மாற்றுவதற்கு முன்பே 1,200 ரூபாயா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஏற்கெனவே கொடுத்த 5,500 ரூபாயை நினைத்துக்கொண்டு சம்மதித்தேன்.

முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிடச் சொன்னார். வந்ததும் பானட்டைத் திறக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேள்வி கேட்டார். சத்தம் நிற்கும்போதா, ஓடும்போதா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உண்டா? ஏ.சி. போட்டால் மாறுகிறதா? எஞ்சினை நிறுத்திய பிறகும் கேட்கிறதா? பிரேக்கை மிதித்தால் ஒலி மாறுகிறதா? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவரே சோதித்துப் பார்த்தார். எஞ்சினை நிறுத்தி, பிரேக் பெடலை நான்கைந்து முறை மிதித்து, அது கல் மாதிரி இறுகியதும் அப்படியே காலை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார். பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. பிரேக் பூஸ்டர் எஞ்சினின் உறிஞ்சு விசையை வைத்துத்தான் நம் காலுக்கு உதவுகிறது. சீறலுக்குக் காரணமான காற்று ஓட்டை அங்கே இருந்திருந்தால் பெடல் இறங்கியிருக்காது, அல்லது மிதிக்க மிதிக்கச் சீறல் மாறியிருக்கும். உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் பார்த்துவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்றார். நான்கு தடவை வண்டியை விட்ட முந்தைய இடத்தில் இந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சத்தம் ஏன் ஐடிலில் மட்டும் வருகிறது என்பதை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது த்ராட்டிலின் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. பிஸ்டன்களோ கீழே இறங்கும்போதெல்லாம் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வழி அடைபட்டிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் எங்காவது ஒரு கீறல் இருந்தால், வெளிக்காற்று அதன் வழியே பாய்ந்து நுழையும். அந்தப் பாய்ச்சல்தான் சீறலாகக் கேட்கிறது. மிதித்தால் தகடு திறந்து உள்ளே காற்று நிறைகிறது, அழுத்த வித்தியாசம் குறைகிறது, சத்தமும் அடங்குகிறது. இப்படித் திருட்டு வழியில் நுழையும் காற்று, ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் காற்றளவைக் கணக்கிடும் சென்சாரின் கணக்கில் வராது. கணக்கில் வராத காற்றுக்கு யாரும் பெட்ரோல் ஊற்றுவதில்லை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் கெட்டுக் கலவை மெலிந்துவிடும். சைலன்ஸர் பக்கம் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டு சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். கூட்டும் அளவு எல்லை மீறும்போதுதான் மஞ்சள் விளக்கு எரிகிறது.

ஸ்கேனரைப் பொருத்தியதும் பி0171 என்ற குறியீடு வந்தது. கலவை மெலிந்திருக்கிறது என்பது அதன் பொருள். பல இடங்களில் இந்தக் குறியீட்டைப் பார்த்த உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள் என்றும், நோய் இருக்கிறது என்று சொன்னவனையே தூக்கி எறிவதற்கு அது சமம் என்றும் அவர் சொன்னார். அவர் குறியீட்டோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது என்ற எண்ணை இரண்டு நிலைகளில் பார்த்தார். ஐடிலில் 19 சதவீதம் கூடுதல். 2,500 சுற்றில் வைத்தால் 4 சதவீதம்தான். பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ பலவீனமாக இருந்தால் வேகம் கூடக்கூட இந்த எண் ஏறியிருக்க வேண்டும். இங்கே இறங்குகிறது. ஆகவே ஓட்டை த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. உறிஞ்சு விசையைப் பாதரச அங்குலத்தில் அளக்கும் வேக்குவம் கேஜைப் பொருத்தியபோது முள் 16 அங்குலத்தில் நடுங்கியது; சென்னை போன்ற கடல்மட்ட ஊரில் நல்ல எஞ்சின் 18 முதல் 22 வரை காட்ட வேண்டும். இவ்வளவுக்கும் ஆனது பதினைந்து நிமிடம். ஒரு திருகைக்கூட அதுவரை அவர் கழற்றவில்லை.

பிறகு ஒரு மீட்டர் நீள ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை மேனிஃபோல்டின் ஓரமெல்லாம் நகர்த்தினார். ஓடும் எஞ்சினுக்கு மேல் குனிவதற்கு முன் சட்டைக் கையை மடித்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, பையனையும் பெல்ட், ஃபேன் பக்கத்திலிருந்து தள்ளி நிற்கச் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். செடிகளுக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைச் சாரலாக அடித்துப் பார்த்ததில், மேனிஃபோல்டின் பின்பக்கத்தில் அடித்தபோது சத்தம் ஒரு கணம் தடுமாறிக் களகளத்தது. கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பார்களே என்று கேட்டேன். "அது பத்திக்கும் சார். கீழ எக்ஸாஸ்ட் கொதிச்சிக்கிட்டு இருக்கு. தண்ணியே போதும்" என்றார். இடம் ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்தில் நான்கு ஹோஸ்களும், இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் ஒரு கேஸ்கட்டும் இருக்கின்றன. எது என்பதை ஊகிக்க அவர் விரும்பவில்லை. காற்று போகும் பாதைக்குள் புகையை ஏற்றி, அது எங்கே கசிந்து வெளியே வருகிறது என்று பார்க்கும் புகைச் சோதனையை மறுநாள் காலைக்கு வைத்தார். சூடான எஞ்சினிலிருந்து எழும் காற்று புகையைக் கலைத்துவிடும் என்பதால் இரவு முழுவதும் வண்டி ஆற வேண்டுமாம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது பையன் ஏர் ஃபில்டர் குழாயின் வாயை ரப்பர் அடைப்பானால் அடைத்துக்கொண்டிருந்தான். மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, அந்த வழியாகப் புகை இயந்திரத்தின் குழாயைச் செருகினார்கள். இயந்திரம் ஒரு சிறிய டிரங்குப் பெட்டி அளவுதான். உள்ளே மினரல் ஆயிலைச் சூடாக்கி வெண்புகையாக்குகிறது. அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ.க்கும் குறைவு, அதற்கு மேல் போனால் நல்ல சீல்களே கெட்டுப்போகும். எஞ்சின் ஓடவில்லை. "ஃபேன நிறுத்துடா" என்றார். சென்னை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, இருந்த ஒரே ஃபேனையும் நிறுத்திவிட்டு, நாங்கள் மூன்று பேரும் வியர்வை வழிய எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்தாறு நிமிடம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து, ஊதுவத்தியிலிருந்து எழுவதைப் போல, நூலிழையாக ஒரு புகை மேலே வந்தது. டார்ச் வெளிச்சத்தில் அது வளைந்து நெளிந்து தெளிவாகத் தெரிந்தது. அவர் சிறிய கண்ணாடி ஒன்றைக் குச்சியில் மாட்டிக் கீழே நீட்டி, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

பி.சி.வி. வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ் அது. எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆயில் ஆவியைத் திரும்ப உள்ளே இழுத்து எரிப்பதற்கான வழி. அது திரும்பும் முழங்கை வளைவின் அடிப்பக்கத்தில் கீறல் இருந்தது. கழற்றிக் கையில் கொடுத்தபோதுதான் முந்தைய இடத்தில் ஏன் அகப்படவில்லை என்பது புரிந்தது. ஹோஸை நேராகப் பிடித்தால் கீறலே தெரியவில்லை. உதடுகள் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. வண்டியில் இருப்பதுபோல் வளைத்தால், விரல் நகத்தின் வெள்ளைப் பகுதி அளவுக்கு, பிறை வடிவில் வாய் திறக்கிறது. உட்புறம் ஆயில் படிந்து வழவழப்பாகவும், வெளிப்புறம் காய்ந்த வறட்டி மாதிரி விறைத்தும் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் எஞ்சினின் சூட்டையும் ஆயில் ஆவியையும் தாங்கிய ரப்பர் அப்படித்தான் ஆகும் என்றார். புகை இன்னோர் இடத்திலும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் தலைப்பில், மெல்லியதாகக் கசிந்தது. அதன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகிப் போயிருந்தது.

அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம், டேப் சுற்றித் தருகிறீர்களா என்று கேட்டேன். மறுத்துவிட்டார். ஆயில் ஊறிய ரப்பரில் டேப் நிற்காது, நின்றாலும் உள்ளிழுக்கும் விசையில் பிசின் மேனிஃபோல்டுக்குள் போகும் என்பது அவர் சொன்ன காரணம். சென்னையின் வாகன உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் கிடைக்கும் மாற்று ஹோஸா, கம்பெனி ஹோஸா என்று என்னிடமே கேட்டார். மாற்று ஹோஸ் பாதி விலை, ஆனால் வளைவு சரியாக அமையாமல் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. கம்பெனி ஹோஸையே வரவழைக்கச் சொன்னேன். அது வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று.

பில் இப்படி வந்தது: சோதனை 1,200, ஹோஸ் 640, இரண்டு கிளாம்ப் 60, ஓ-ரிங் 40, மாற்றிய கூலி 900, மொத்தம் 2,840 ரூபாய். மேனிஃபோல்டை ஓரளவு தளர்த்தினால்தான் அந்த ஹோஸுக்குக் கை எட்டுகிறது என்பதால் கூலி நியாயமானதே. ஹோஸை மாற்றியதோடு விட்டுவிடாமல் மறுபடியும் புகையை ஏற்றி, ஒரு இழைகூட வரவில்லை என்பதைக் காட்டிய பிறகுதான் ஸ்டார்ட் செய்தார். கேஜின் முள் 19.5 அங்குலத்தில் அசையாமல் நின்றது. ஐடிலிங் 750. குறியீட்டை அழித்து, கம்ப்யூட்டர் பழகிக்கொண்ட பெட்ரோல் கணக்கையும் அழித்துவிட்டு, இரண்டு வாரம் ஓட்டியபின் வரச் சொன்னார். போனேன், ஐடிலில் கூட்டும் அளவு 2 சதவீதமாக இறங்கியிருந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை. டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்ப்பது என் வழக்கம்: சத்தம் இருந்த மாதங்களில் நகருக்குள் லிட்டருக்கு 11.8 கிலோமீட்டர் கிடைத்தது, இப்போது 13.6 கிடைக்கிறது.

நான் காத்திருந்த நேரத்தில் இன்னும் இரண்டு வண்டிகள் சீறல் என்று சொல்லிக்கொண்டே வந்தன. ஒன்று டர்போ டீசல். மேம்பாலம் ஏறும்போது மட்டும் உஸ்ஸென்கிறது, இழுவை இல்லை, கரும்புகை. இதில் எல்லாம் தலைகீழ்: டர்போ அழுத்தி அனுப்பும் காற்று வெளியே கசிவதால், மிதிக்கும்போதுதான் சத்தம் வரும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப் நழுவியிருந்தது. பத்து நிமிடத்தில் முடிந்தது. இன்னொன்றில் வந்தவர் ஒரு பெரியவர். எஞ்சினை நிறுத்திய பிறகு டேஷ்போர்டுக்குள் ஒரு நிமிடம் சீறுகிறது என்று மிகவும் கவலையோடு சொன்னார். ஏ.சி.யை நிறுத்தியதும் உயர் அழுத்தப் பக்கத்து கேஸ் எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகத் தாழ் அழுத்தப் பக்கத்துக்கு வடிந்து சமநிலை அடையும் ஒலி அது, குளிர்ச்சி குறையாதவரை கோளாறே இல்லை என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்பிவைத்தார். அதே சமயம், நிறுத்திய பிறகு பானட் பக்கமிருந்து சீறலும், கூலன்ட்டின் இனிப்பு வாடையும் சேர்ந்து வந்தால் அது ரேடியேட்டர் விவகாரம் என்றும், எஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியில் கை வைக்கவே கூடாது என்றும் அவரிடம் எச்சரித்தார். மூடி தரும் அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் கூலன்ட் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது; திறந்த கணமே கொதித்து முகத்தில் பீறிடும்.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுப்பதே இல்லை. நேரில் போய்த்தான் நாள் கேட்க வேண்டும், எனக்கு ஆறு நாள் கழித்துக் கிடைத்தது. வண்டியை விடுவது, ஆறவைப்பது, பொருளுக்குக் காத்திருப்பது என்று மொத்தம் நான்கு நாள் கார் இல்லாமல் இருந்தேன். அன்றாடம் வண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் வெயிலில். கையால் எழுதிய பில்லில் ஹோஸின் பாகம் எண்ணும், எவ்வளவு காலத்துக்கு உத்தரவாதம் என்பதும் இல்லை. கேட்ட பிறகுதான் ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு துல்லியமாக அளப்பவர், சோதனைக்கு முன்பும் பின்பும் எடுத்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டால் மிகவும் நன்றாக இருக்கும். நான் என் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டதால்தான் இந்த எண்களை இங்கே எழுத முடிந்தது.

பெட்ரோல் வண்டியில் ஐடிலின்போது சீறல், அலையும் ஐடிலிங், கலவை மெலிந்ததாகக் குறியீடு என்று மூன்றும் சேர்ந்து வந்தால், எந்த ஒர்க்ஷாப்புக்குப் போனாலும், பொருளை மாற்றச் சம்மதிப்பதற்கு முன்பு அங்கே புகைச் சோதனை இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், சந்தேகப்படும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்கிச் சத்தம் நிற்கிறதா என்றாவது உங்கள் எதிரில் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போதும் பிரேக் பெடல் இறுகியே இருக்கிறது என்றால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.

பூஸ்டர் ஹோஸும் அதே வயதுடைய ரப்பர்தான், இன்னும் விறைக்கவில்லை, ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள் என்று கடைசியாகச் சொன்னார். அடுத்த ஆயில் சர்வீஸின்போதே அதை மாற்றிவிடச் சொல்லி, இந்த முறை நேரில் போய் நாளும் வாங்கி வந்துவிட்டேன்.